தேர்ச்சி பெற்ற தண்ணீர்

“அப்ப கசியலன்றீங்களா சார்?”

“கசியலன்னு நான் எங்கய்யா சொன்னேன்? கசியட்டும். தாராளமா கசியட்டும். கசியறது நல்ல தண்ணின்னுதான் சொல்றேன்.”

“செவப்பா இருக்குதுங்களே.”

“நிறம் நம்ம பிரிவுல வராது.”

சின்னப்பையன் கையிலிருந்த குளிர்பான பாட்டிலைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தண்ணீர் நன்றாகவே சிவந்து தெரிந்தது. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்த தண்ணீர். பக்கத்து சீட்டுக்காரர் அதை டீ என்று நினைத்து, “ஆறிடப்போவுது, குடிச்சிருங்க” என்று மலை இறங்கும் வரை அக்கறையோடு சொல்லிக்கொண்டே வந்திருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கவியரசன் அந்த பாட்டிலைத் தவிர அறையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பார்த்தார். மூடிய சுரங்கங்கள் நீர் மேலாண்மை வாரியத்தின் உதவி இயக்குநர் அவர். கள்ளக்குறிச்சியில் வாரியத்தின் அலுவலகம் ஒரு மோட்டார் கடைக்கு மாடியில் இருந்தது. கீழே மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே நாற்காலிகள் நடுங்கும். அதனாலேயே அலுவலகத்தில் எப்போதும் ஏதோ வேலை நடக்கிற மாதிரி ஒரு தோற்றம் இருந்தது.

“உன் தண்ணி பாஸ் பண்ணிடுச்சிய்யா,” என்றார் கவியரசன். “சும்மா பாஸ் இல்ல. மாநிலத்துல மூடிக் கெடக்கற அத்தன சுரங்கத்துலயும் ஃபர்ஸ்ட்டு. சந்தோஷமா ஊருக்குப் போ.”

“அது வேற தண்ணிங்க சார். நான்தான் தப்பா புடிச்சிக் குடுத்துட்டேன்.”

மூலையில் உட்கார்ந்து காலி பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த நர்மதாவின் கை அப்படியே நின்றது.

நடந்தது இதுதான். வெள்ளிமலையைத் தாண்டி, ஜீப் மட்டும் போகிற பாதையில் உள்ளே போனால் குழி வரும். இரும்புக்கல் எடுக்க வந்த ஒரு கம்பெனி தோண்டிய குழி. கல் தீர்ந்ததோ அனுமதி தீர்ந்ததோ, ஒருநாள் கம்பெனி கிளம்பியது. லாரிகளை, கேன்டீன் அண்டாவை, வேலை நேரத்துக்குச் சங்கு ஊதுகிற மெஷினைக்கூடக் கழற்றிக்கொண்டு போனது. குழியை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. அதில் மழைத் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீர் கல்லோடு கிடந்து கிடந்து துருவேறியது. பிறகு ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்து, சரிவில் கசிந்து, ஓடையில் இறங்கியது. இதைக் கவனிக்கத்தான் வாரியம் பிறந்தது. வாரியம் அங்கே ஒரு மோட்டார், இரண்டு தொட்டிகள், சுண்ணாம்பு மூட்டைகள், ஒரு சின்னப்பையன் ஆகியவற்றை நிறுவியது.

வேலை எளிதுதான். கசிகிற தண்ணீரை மோட்டார் போட்டுத் தொட்டிக்கு ஏற்றி, சுண்ணாம்பு கலக்கி, துரு அடியில் படிந்ததும் தெளிவை ஓடையில் விட வேண்டும். சுண்ணாம்பு ஒழுங்காக வந்தவரை ஓடை ஓடையாக இருந்தது. அப்புறம் சுண்ணாம்பு பிந்தி வந்தது, கம்மியாக வந்தது. ஓடை சிவந்தது. உலையில் போட்ட சாமை சிவந்தது. வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டால் சாமியார் மடம் மாதிரி இருந்தது. குழியோரத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வெள்ளிமலைப் பக்கம் போய்விட்டன. சின்னப்பையன் வீடு மட்டும் மிஞ்சியது.

மகள் இசைவாணியைக் களமருதூரில் கொடுத்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். “பச்ச ஒடம்புக்காரிய இந்தத் தண்ணியில குளிக்க வெக்கச் சொல்றியா நீ?” என்று கேட்டாள் அவர் மனைவி வெள்ளச்சி. மகளை மேலே அழைத்து வருவதற்குப் பதிலாக அவளே கீழே இறங்கினாள். பேத்தி பிறந்தாள். சின்னப்பையன் போய்ப் பார்த்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சம்பந்தி வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? விரலை மெல்ல உருவிக்கொண்டு திரும்பிவிட்டார். “தண்ணி தெளியட்டும், மூணு பேரும் மேல வரோம்,” என்று வெள்ளச்சி பஸ் ஸ்டாப்பில் சொல்லி அனுப்பினாள்.

அதற்கப்புறம் அவரிடம் பேசியது மோட்டார் ஒன்றுதான். அதுவும் ஒரே விஷயத்தைத்தான் பேசும். ஆனாலும் ஒரு குரல்.

அப்படி இருந்தபோதுதான் நர்மதா வந்தாள். பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வாரியம் அனுப்பிய பெண். மூங்கில்துறைப்பட்டுக்காரி, அப்பா சர்க்கரை ஆலையில் வேலை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்து வெளிறிப்போய், ஜீப்பிலிருந்து இறங்கி பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாட்டில்களை நீட்டி, “தண்ணி புடிச்சிக் குடுங்க ஐயா, நடக்க முடில,” என்றாள்.

“யாருக்கும்மா தண்ணி?”

“மெட்ராசுக்குப் போவுது. பெரியவங்க பாப்பாங்க.”

அந்த மலையில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் செம்பில் தண்ணீர் வரும். வந்தவர் குடித்த பிறகுதான் ‘இன்னா சேதி’ என்றே கேட்பார்கள். நல்ல தண்ணீர் கொடுக்க முடியாதவன் பேச வாயைத் திறக்கக் கூடாது. சின்னப்பையன் பாட்டில்களோடு வெடிப்பருகே போனார். சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்திருக்கிற விருந்தாளி. மெட்ராசில் பெரியவர்கள் வேறு பார்க்கப்போகிறார்கள். இதைப் போய்க் கொடுப்பதா? முதுகுப்பக்கச் சரிவில் ஏறி, காட்டுக்குள் இருக்கிற சுனைக்குப் போய், பாட்டில்களைக் கழுவி, கண்ணாடி மாதிரி தண்ணீர் பிடித்து, வேர்க்க விறுவிறுக்கக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இவ்ளோ நேரமா?” என்றாள் நர்மதா.

“நல்லதா பாத்துப் புடிச்சேன்,” என்றார் சின்னப்பையன்.

தண்ணீர் சென்னை போனது. சான்றிதழ் வந்தது. தேர்ச்சி பெற்ற தண்ணீருக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று சுண்ணாம்பை நிறுத்தினார்கள். சுண்ணாம்பு இல்லாத தொட்டிக்கு மோட்டார் எதற்கு என்று ஒரு ஜீப் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனது. சிமென்ட் மேடையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. மோட்டார் போடுகிற நேரம் வந்தால் சின்னப்பையன் அவற்றின் நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு அமைதியை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடை இப்போது செங்கல் கரைத்த மாதிரி ஓடியது.

இதையெல்லாம்தான் அவர் கவியரசனிடம் சொன்னார். கவியரசன் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்தார். அவருக்குப் பேச வரும்.

“மாதிரின்னா இன்னா தெரியுமாய்யா? பிரதிநிதி. ஊர் சனம் மொத்தத்தையுமா சட்டசபைக்கு அனுப்பறோம்? ஒருத்தர அனுப்பறோம். அவரு வெள்ள வேட்டி கட்டிக்கினு நின்னா ஊரே நல்லா இருக்குன்னு எடுத்துக்கறோம். நீ அனுப்பின பாட்டிலு உன் குழியோட பிரதிநிதி. ஜெயிச்சிட்டாரு. இப்ப வந்து, அவரு எங்க ஊர்க்காரரே இல்லன்னா எப்பிடி?”

“இன்னொருவாட்டி டெஸ்ட் பண்ணிடுங்க சார்.”

“ஃபெயிலானாதான் மறு டெஸ்ட்டு.”

“ஃபெயிலுன்னு போட்டுக்குங்க சார்.”

“அப்பிடிப் போடணும்னா டெஸ்ட் பண்ணணும்.”

“பண்ணுங்க சார்.”

“அதான் ஃபெயிலாகலியே!”

சின்னப்பையன் பாட்டிலைக் கீழே இறக்கினார். “அந்த நெறத்துக்கு ஒரு பிரிவு சொன்னீங்களே, அது எங்கங்க இருக்குது?”

“இன்னும் ஆரம்பிக்கல. கேட்டு எழுதியிருக்கோம்.”

“நாத்தம்?”

“நாத்தம் காத்துல வருது. அது வேற வாரியம்.”

கவியரசன் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவரிடம் நீட்டினார். “வெயில்ல வந்துருக்க. குடி.” தண்ணீர் நன்றாக இருந்தது. ஆனால் இங்கே பேச்சு முடிந்த பிறகுதான் தண்ணீர் வருகிறது என்பதைச் சின்னப்பையன் கவனித்தார்.

மாடிப்படியில் நர்மதா பின்னாலேயே ஓடிவந்தாள்.

“ஐயா, நெஜமாவா? அது குழித் தண்ணி இல்லியா?”

“அத எப்பிடிம்மா உனுக்குக் குடுக்கறது?”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “நான் காண்ட்ராக்ட்டு ஐயா. எடுக்கற எடத்துல நானே எறங்கி எடுக்கணும். ஒக்காந்துக்கினு இருந்தேன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. யார்ட்டயும் சொல்லிடாதீங்க.”

“சொல்லிட்டேனேம்மா இப்ப. அவருதான் கேட்டுக்கல.”

வீட்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு பாறை உண்டு. அதன் உச்சியில் ஒரு காலைத் தூக்கி நின்றால் போனில் சிக்னல் வரும். மறுநாள் அதில் நின்று சின்னப்பையன் வெள்ளச்சியைக் கூப்பிட்டார்.

“தண்ணி பாஸாயிடுச்சாம்,” என்றார்.

“தெளிஞ்சிதா?”

“இல்ல. பாஸாயிடுச்சி.”

அந்தப் பக்கம் பேத்தி எதற்கோ கத்தினாள். சின்னப்பையன் கால் மாற்றி நின்றார்.

“இத பாரு,” என்றார். “எனுக்கு இப்ப மோட்டாரு வேல இல்ல. சுனையிலருந்து நான் தூக்கியாறேன். ஓடையப் பத்தி நமக்கு இன்னா?”

“குடிக்கவா?”

“குடிக்க, சமைக்க, புள்ளயக் குளிப்பாட்ட, துணி அலச. எல்லாத்துக்கும்.”

“சரிவுல ஏறி எறங்கி? உன் முட்டி இன்னாத்துக்கு ஆவறது?”

“முட்டி பாஸாயிடுச்சி.”

வெள்ளச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அவர் நினைப்பதற்குள் அவள், “பொங்கல் கழிச்சி வரோம்,” என்றாள். லைன் போய்விட்டது. சிக்னல் திரும்ப வராது என்று தெரிந்தும் சின்னப்பையன் வெகு நேரம் ஒற்றைக் காலிலேயே நின்றார்.

அன்றிலிருந்து தண்ணீர் தூக்கினார். வருவதற்கு இன்னும் நாளிருந்தது. ஆனாலும் பழக வேண்டும் இல்லையா? காலையில் டிரம்மை நிரப்புவார். மறுநாள் அதை மிளகாய்ச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவார். உத்திரத்தில் தூளி கட்டி, காலியான தூளியைப் போகும்போதும் வரும்போதும் ஒரு தட்டு தட்டிவிடுவார்.

மார்கழியில் வாரியம் விழா எடுக்க வந்தது. ‘முன்மாதிரிச் சுரங்கம்’ என்று குழிக்கு விருதாம். பந்தல் போட்டார்கள். வெள்ளிமலையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிவந்து உட்காரவைத்தார்கள். பந்தலுக்குள் தண்ணீர் கசிந்து வந்த இடத்தில் பச்சைக் கம்பளம் விரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கம்பளம் சிவக்கத் தொடங்கியது. சிவப்புக் கம்பளம் என்றால் மரியாதை ஜாஸ்தி என்று யாரோ சொன்னதால் அப்படியே விட்டுவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த வாரியத் தலைவர் அறிவுச்செல்வன் அதன்மேல் சளக் சளக்கென்று நடந்து மேடை ஏறினார்.

“குழியை மூடுவது எளிது,” என்று தொடங்கினார் அவர். “மண்ணைக் கொட்டினால் போதும். பிரச்சினையை மூடுவதுதான் கடினம். நாம் மூடியிருக்கிறோம்! இந்த வாரியம் பொறுப்பேற்றபோது இங்கே எத்தனையோ புகார்கள். இன்று ஒரு புகாராவது உண்டா? புகார் சொல்ல யாராவது இருக்கிறார்களா? பாருங்கள், சுற்றிலும் எவ்வளவு அமைதி!”

எல்லோரும் சுற்றிலும் பார்த்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகள் தெரிந்தன. கை தட்டினார்கள்.

அடுத்து, தலைவர் சுரங்க நீரைப் பொதுமக்கள் முன்னிலையில் அருந்துவார் என்று கவியரசன் மைக்கில் அறிவித்தார். பொதுமக்களின் சார்பில் சின்னப்பையன் நீர் கொண்டுவந்து தருவார்.

சின்னப்பையன் செம்பை எடுத்துக்கொண்டு போனார். இந்த முறை சுனைப்பக்கம் திரும்பவில்லை. வெடிப்பருகே குனிந்தார். விருந்தாளிக்கு இதைக் கொடுப்பது அவர் ஆயுசில் செய்யாத காரியம். செம்பு நிறைந்தபோது உடம்பு கூசியது. மன்னிப்புக் கேட்கிறவர் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடைக்கு வந்து, “இதாங்க எங்க தண்ணி,” என்று நீட்டினார்.

தலைவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கவியரசன் பாய்ந்து வந்தார்.

“யோவ், இன்னாய்யா இது? இந்தக் கலர்ல இருக்குது!”

“நெறம் நம்ம பிரிவுல வராதுன்னீங்களே சார்.”

“குடிக்கறப்ப வரும்யா!” என்று பல்லைக் கடித்தார் கவியரசன். பிறகு தலைவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். “மலைக்காரர் சார், தப்பான தண்ணியக் கொண்டாந்துட்டாரு. நம்ம தண்ணி வேற.” மறுபடி இந்தப் பக்கம் திரும்பி, “போ, பரிட்சைக்குக் குடுத்தியே, அந்தத் தண்ணியக் கொண்டா!”

தண்ணீர் மேசையருகே நின்ற நர்மதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பையன் போனார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், போகும்போது அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. நல்ல தண்ணீராகக் கொடுக்கலாம் அல்லவா? அவர் ஏறி இறங்கி வரும்வரை பிள்ளைகள் பாடிய பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

தலைவர் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். “எங்கேயிருந்து வருகிறது இது?”

“அது சுனைத் தண்ணிங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து ஊறுது. குழிக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்லீங்க,” என்றார் சின்னப்பையன்.

“எவ்வளவு தன்னடக்கம்!” என்றார் தலைவர் மைக்கில். “சுரங்கத்தின் நீரை இந்த மலை உள்வாங்கி, வடிகட்டி, சுனையாக நமக்கே திருப்பித் தந்திருக்கிறது. பாட்டன் காலத்திலேயே இதைத் தொடங்கிவிட்டது என்றால், வாரியத்தின் தொலைநோக்கை நினைத்துப் பாருங்கள்! இப்படிப்பட்ட நீர் திறந்து கிடக்கலாமா? யார் வேண்டுமானாலும் குடம் விட்டு மொண்டால் இதன் தரம் என்ன ஆவது?”

பந்தலைப் பிரிக்கும் முன்பே ஆட்கள் வந்துவிட்டார்கள். வாரியம் அவ்வளவு வேகமாக வேலை செய்து சின்னப்பையன் பார்த்ததில்லை. சுனையைச் சுற்றி இரும்புக் கூண்டு எழுந்தது. கூண்டுக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. வழிகிற தண்ணீர் வீணாகக் கூடாது என்று, ஒரு குழாய் பதித்துக் கொண்டுபோய்க் குழித் தண்ணீருக்கு அடியில் விட்டார்கள். சான்றிதழில் சொன்ன தண்ணீர் குழியில் இருக்க வேண்டும் அல்லவா? அது அங்கே கலந்து, கொஞ்ச நாள் கிடந்து, சிவந்து, வெடிப்பு வழியாகப் பழையபடி ஓடைக்கு வந்தது.

சின்னப்பையனை வேலையிலிருந்து நீக்கவில்லை. ‘மாதிரி நீர்ப் பாதுகாவலர்’ என்று உயர்த்தி, ஒரு விசிலும் கொடுத்தார்கள். சாவி நர்மதாவிடம் இருக்கும். மாதம் ஒருமுறை வந்து திறந்து எடுத்துப் போவாள். பொதுமக்கள் யாரும் சுனையை நெருங்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தப் பக்கத்தில் பொதுமக்கள் என்று மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். கூண்டுக்கு வெளியே காலிக் குடத்தின் பக்கத்தில், விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னையே காவல் காத்து உட்கார்ந்திருந்தார்.

பூட்டை உடைக்கலாமா என்று ஒருநாள் கல்லைக்கூட எடுத்தார். உடைத்தால் பாதுகாவலர்தான் முதல் குற்றவாளி. வேலையும் போகும், சுனைக்கு வேறு ஆள் வருவான். கல்லை வைத்துவிட்டார்.

பொங்கல் வந்தது. போனது. பாறையில் நின்றபோது வெள்ளச்சியே கூப்பிட்டாள். “நாளைக்கிக் காத்தால பஸ்ஸு ஏர்றோம். டிரம்மு ரொப்பி வெச்சிருக்கியா?” அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார், அவள் அதற்குள் குழந்தையின் காதில் போனை வைத்துவிட்டாள். மூச்சுச் சத்தம் கேட்டது. அந்த மூச்சிடம் எதையும் சொல்ல அவரால் முடியவில்லை.

அன்று மத்தியானம்தான் நர்மதா வந்தாள். இப்போது வாந்தி பழகிவிட்டிருந்தது. ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு, சரிவில் தானே நடந்து ஏறிவந்தாள். சின்னப்பையன் எழுந்து நின்றார். தண்ணீர் கொடுக்காமல் என்ன பேசுவது? கையைப் பிசைந்தார்.

“நல்லா இருக்கீங்களா ஐயா?”

“இருக்கறேம்மா. காண்ட்ராக்ட்டு?”

“நீட்டிட்டாங்க. இந்தச் சுனையாலதான்.” அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனாள். மண்டி போட்டு பாட்டில்களைக் கழுவி, மெதுவாக நிரப்பினாள். தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்குகிற சத்தம் கூண்டுக்கு வெளியே வரை கேட்டது. சீட்டு ஒட்டினாள். அதில் ‘சுரங்க நீர்’ என்று இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டைக் கொண்டியில் மாட்டினாள். இன்னும் அழுத்தவில்லை.

“பாப்பா,” என்றார் சின்னப்பையன். இதுவரை அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. “நாளைக்கி எம் பேத்தி வருது. தவழுதாம் இப்ப.”

அவள் கை பூட்டின்மேல் இருந்தது. கீழே ஜீப்காரர் ஹாரன் அடித்தார்.

“இந்த ஒருவாட்டி மட்டும்,” என்றார், “பூட்ட மறந்துட்டுப் போறியாம்மா?”